மியூவான் பெட்டியில் விலைபோகும் பாகம் எது? டிடெக்டர் ஆய்வை உரிமமாக்கவும் கம்பெனியாக்கவும் ஒரு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. கல்லூரி மொட்டை மாடியை ஒட்டிய அறையில் எங்கள் மியூவான் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மியூவான் என்பது விண்ணிலிருந்து பொழியும் ஒரு நுண்துகள், அதை எண்ணும் டிடெக்டர்தான் (துகள் உணரி) இந்தப் பெட்டி. பெட்டி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில், துகள் பட்டால் மின்னும் ஒரு சின்டிலேட்டர் தகடு, அந்த மினுக்கை மின்துடிப்பாக்க அதன் ஓரத்தில் ஒட்டிய சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர் என்ற சென்சார், வெளிச்சம் புகாமல் கறுப்பு டேப் நாலு சுற்று. அவ்வளவுதான். வானத்திலிருந்து இறங்கும் மியூவான் தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று. ஆகவே நிமிடத்துக்கு நூறை ஒட்டி எண்ணிக்கை வர வேண்டும். காலையில் வந்தது. மதியம் சரிந்தது. சாயங்காலம் காற்று வாங்கியதும் பழையபடி ஏறியது.

வெயில் மியூவானை ஒன்றும் செய்யாது, சென்சாரைத்தான் வாட்டும். இந்த வகை சென்சாரில் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால், அது வேலை செய்யத் தொடங்கும் உடைவு மின்னழுத்தம் 54 மில்லிவோல்ட் அளவுக்கு ஏறும். சில தயாரிப்புகளில் அதில் பாதிக்கும் குறைவு. காலை 26 டிகிரியிலிருந்து மதியம் 38-க்குப் போனால் கிட்டத்தட்ட 0.65 வோல்ட். அந்த உடைவு மின்னழுத்தத்துக்கு மேல் நாம் கொடுப்பதே 3 வோல்ட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெயிலோடு போய்விட்டது. என் மாணவி ஒருத்தி சென்சார் பக்கத்தில் வெப்பத்தை உணரும் ஒரு தெர்மிஸ்டரை ஒட்டி, வெப்பத்துக்கேற்ப மின்னழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் சின்னப் பலகை ஒன்றைச் செய்தாள். தீப்பெட்டி அளவு. அதற்கப்புறம் கோடு நேராக ஓடியது.

இந்த வழிகாட்டி அந்தப் பலகையைப் பற்றியது. மியூவான் ஆய்வுக்கட்டுரையை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. பலகையைக் கேட்டு வந்தார்கள். கடைசியில் கையெழுத்தானது அந்தப் பலகைக்குக்கூட இல்லை, வேறொன்றுக்கு. அதற்கு வருகிறேன்.

படி 1: டிடெக்டரைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போடுங்கள்

ஆய்வகத்துக்காரர்கள் செய்யும் முதல் தப்பு, முழு டிடெக்டரையும் விற்கப் பார்ப்பது. முழு டிடெக்டர் வேண்டியவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அவர்களும் தாங்களே செய்துகொள்ளக் கூடியவர்கள்.

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: சென்சார், அதன் மேல் பூச்சு, ஒட்டும் பசை, வாயுக் கலவை, உயர் மின்னழுத்த சப்ளை, முன்முனை மின்னணு, தரவு சேகரிப்பு, மென்பொருள், சோதிக்கும் முறை, சீர்செய்யும் முறை, பெட்டி கட்டும் முறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘இதே தலைவலி வேறு யாருக்கு இருக்கும்?’ என்று ஒரு வரி.

இந்தத் துறையில் ஜெயித்தவர்கள் எல்லோருமே இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள்தான். ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் துகள் தடம் பிடிக்கச் செய்த பிக்சல் சிப்பிலிருந்து 1990-களில் மெடிபிக்ஸ் என்ற கூட்டு முயற்சி பிறந்தது. எக்ஸ்ரே ஃபோட்டானை (ஒளித்துகளை) ஒவ்வொன்றாக எண்ணும் சிப் அது. நெதர்லாந்தின் பனாலிட்டிகல் கம்பெனி அதைப் படிகங்களை ஆராயும் எக்ஸ்ரே கருவியில் வைத்தது. நியூசிலாந்தின் மார்ஸ் பயோஇமேஜிங் அதன் மூன்றாம் தலைமுறையை வைத்து மனித உடலை வண்ணத்தில் முப்பரிமாணமாகப் படம் பிடித்து 2018-ல் காட்டியது. அதன் தங்கைச் சிப்பான டைம்பிக்ஸ் 2012-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கதிர்வீச்சு அளக்கப் போனது. இவர்களில் ஒருவரும் செர்னிடம் போய் ‘துகள் டிடெக்டர் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்கவில்லை.

இன்னும் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஃபாபியோ சவுலி 1997-ல் செர்னில் அறிமுகப்படுத்திய ஜெம் என்ற படலம்: 50 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) பாலிஇமைடு பிளாஸ்டிக் தாள், இரு பக்கமும் 5 மைக்ரான் செம்பு, அதில் 70 மைக்ரான் விட்டத்தில் நெருக்க நெருக்கமாகத் துளைகள். துளைக்குள் மின்புலம் குவிந்து எலக்ட்ரான் பெருகும். இயற்பியல் கிடக்கட்டும், தயாரிப்பு என்று பார்த்தால் இது செம்பை அரித்துத் துளை போடும் வேலை, அதாவது சர்க்யூட் போர்டு அச்சடிப்பவர் வேலை. பெங்களூருவின் மைக்ரோபேக் என்ற போர்டு கம்பெனி செர்னிடம் தொழில்நுட்ப உரிமம் பெற்று இதைச் செய்தது. துகள் இயற்பியல் படித்தவர்களைத் தேடி அலையாமல், அமிலத் தொட்டியில் கை நனைத்தவர்களிடம் போய்ச் சேர்ந்த உரிமம் அது. உங்கள் தாளில் ‘யாருக்கு’ என்ற பத்தியை நிரப்பும்போது இதை மறக்காதீர்கள்.

படி 2: வெளியே போய்க் கேளுங்கள்

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். ராதாபுரம் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அவர்களுக்கு மியூவான் பெட்டி எதற்கு? ஆனால் இரைச்சலுக்கு நடுவே நுண்ணிய சிக்னலை வேகமாகப் படிக்கும் மின்னணு யாருக்குத்தான் வேண்டாம். கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால், மணவாளக்குறிச்சி வரைக்கும் கதிர்வீச்சு அளப்பது அன்றாட வேலை. கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம். பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மாவட்டம் முழுக்க எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் மையங்கள். மூலைக்கு மூலை கல்லூரி ஆய்வுக்கூடங்கள்.

பட்டியல் போடுவதோடு நின்றுவிடக் கூடாது. நான் பலகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதலில் போனது வண்ணாரப்பேட்டையில் யுபிஎஸ்ஸும் தொழிற்சாலைப் போர்டுகளும் பழுதுபார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம். அவர் அதைத் திருப்பிப் போட்டு, சால்டரிங்கைக் கண்ணாடியில் பார்த்தார்.

“வேல நல்லாத்தான் இருக்கு சார். கரண்டு போயிட்டு வந்தா என்ன செய்யும் இது?”

“திரும்ப ஆரம்பிக்கும் அண்ணாச்சி.”

“எதுல இருந்து ஆரம்பிக்கும்? விட்ட எடத்துல இருந்தா, மொதல்ல இருந்தா?”

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் ஜெனரேட்டர் உண்டு.

“நீங்க சொல்லுத பூராவும் படிச்ச ஆளுகளுக்கு. எனக்கு ஒரு வரியில சொல்லுங்க, யாரு இதுக்குத் துட்டு குடுப்பா?”

அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. பத்துப் பதினைந்து இடத்தில் கேட்ட பிறகு வந்த வரி இது: ‘ஏசி இல்லாத அறையில் வைக்கிற கதிர்வீச்சு மானிக்குக் காலையும் மதியமும் ஒரே அளவு காட்ட வைக்கும் பலகை.’ மியூவான் என்ற சொல் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கேட்கப் போகும்போது விற்கப் போகாதீர்கள். ‘இப்போது என்ன செய்து சமாளிக்கிறீர்கள், அதற்கு மாதம் எவ்வளவு ஆகிறது’ என்ற இரண்டு கேள்வி போதும். இரண்டாவது கேள்விக்குப் பதில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்றால் அங்கே வியாபாரம் இல்லை, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

படி 3: சொத்து யார் பேரில் இருக்கிறது?

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? இங்கேயும் அதுதான். சம்பளம் கல்லூரியுடையது, ஆய்வு நிதி மத்திய அரசுடையது, சென்சார் ஒரு கூட்டு ஆய்வுத் திட்டத்திலிருந்து வந்தது, உழைப்பு மாணவியுடையது. இதில் யாருக்கு எவ்வளவு?

நிதி அனுமதிக் கடிதத்தின் பின்பக்க நிபந்தனைகளைப் படியுங்கள். மத்திய அறிவியல் துறை நிதியில் பிறந்ததற்குப் பொதுவாக நிறுவனமே உரிமை கோரலாம். கல்வி அமைச்சகத்தின் 2019-ம் ஆண்டு புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையின்படி, நிறுவனத்தின் பணமோ வசதியோ கணிசமாகப் பயன்பட்டிருந்தால் உரிமை நிறுவனத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் கூட்டு. கூட்டு ஆய்வுத் திட்டங்களில், உள்ளே கொண்டுவந்த அறிவும் உள்ளே பிறந்த அறிவும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள்.

மாணவர் விஷயத்தில் ஒரு வார்த்தை. வேலை செய்த பிள்ளையின் பெயர் கண்டுபிடித்தவர் பட்டியலில் இல்லையென்றால் அது அநியாயம் மட்டுமில்லை, பின்னால் காப்புரிமையையே கேள்விக்குள்ளாக்கும். நேர்மாறாக, எதுவும் செய்யாத துறைத்தலைவர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் அதே தப்புதான். ஆய்வுக்கட்டுரையில் பெயர் போடும் வழக்கம் வேறு, இது வேறு.

படி 4: எழுதிப் பதியும் வரை வாயைத் திறக்காதீர்கள்

இதில்தான் நான் அடிபட்டேன். மதுரையில் ஒரு கருத்தரங்கு. சுவரொட்டியில் பலகையின் முழுச் சர்க்யூட்டையும், பாகங்களின் மதிப்போடு, பெரிதாக அச்சடித்து ஒட்டினோம். வந்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள். பெருமையாக நின்று சிரித்தோம். அப்புறம் காப்புரிமை வழக்கறிஞரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ‘இதை யாரிடமாவது காட்டினீர்களா?’

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ம் பிரிவில் ஒரு சின்னச் சந்து உண்டு: அறிவியல் சங்கத்தின் முன் கண்டுபிடித்தவரே வாசித்த கட்டுரைக்கு 12 மாத அவகாசம். கருத்தரங்கச் சுவரொட்டி அதில் வருமா என்பதே வழக்காகும். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் வெளியே சொன்ன நாளோடு போச்சு. டிடெக்டர் வாங்குகிறவர்கள் எங்கே அதிகம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வரிசை இது: ஆய்வுக் குறிப்பேட்டில் தேதியோடு பதிவு, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பு, தற்காலிக விண்ணப்பம், அதன் பிறகு கருத்தரங்கு. தற்காலிக விண்ணப்பத்துக்கு முழு விவரம் தேவையில்லை; அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட்டால் போதும். வெளியாளிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து. அண்ணாச்சியிடம் அப்படிக் கையெழுத்து கேட்டால் சிரிப்பார்; அவரிடம் பலகை என்ன செய்யும் என்று மட்டும் சொல்லுங்கள், எப்படிச் செய்யும் என்பதைச் சொல்லாதீர்கள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனி எச்சரிக்கை: ஆய்வேட்டைப் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவதும் வெளியிடுவதுதான்.

படி 5: காப்புரிமையா, ரகசியமா, திறந்து விடுவதா?

காப்புரிமை என்பது அரசோடு ஒரு பேரம். செய்முறையை ஊரறிய எழுதிவைத்தால் 20 வருடம் மற்றவர்களைத் தடுக்கும் உரிமை கிடைக்கும். ரகசியம் என்பது நம்மூர் அல்வாக்காரர்கள் செய்வது: கைப்பக்குவத்தை எழுதிவைக்க மாட்டார்கள், அது வெளியே போகாத வரை என்றைக்கும் அவர்களுடையது. எது நல்லது? பொருளைப் பிரித்துப் பார்த்தால் ரகசியம் தெரிந்துவிடுமா என்று கேளுங்கள். தெரியும் என்றால் காப்புரிமை. தெரியாது என்றால் பேசாமல் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தேடல். இன்பாஸ் என்ற இந்தியக் காப்புரிமைத் தேடுதளம், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெநெட், இரண்டும் இலவசம். நாங்கள் தேடியபோது முகம் தொங்கிப்போனது. வெப்பத்துக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றும் யோசனை பழையது. ஜப்பானின் ஹமாமட்சு அதைச் சின்ன மாட்யூலாகவே விற்கிறது. மாணவி மூன்று நாள் ஆய்வகத்துக்கு வரவில்லை.

ஆனால் பிரித்துப் போட்ட தாளின் கடைசியில் ‘சீர்செய்யும் முறை’ என்று ஒரு வரி இருந்ததே. ஒவ்வொரு சென்சாரும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். ஒவ்வொரு பலகைக்கும் தனித் திருத்த அட்டவணை வேண்டும். பெரிய இடங்களில் வெப்ப அறை வைத்துச் செய்வார்கள். எங்களிடம் அது இல்லை. உவரியிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, கழுவி, சோடா உப்புப் போட்டு இன்னொரு தரம் கழுவி, இருபது பலகைகளை அடுக்கி, நடுவில் சுடுதண்ணீர் பாட்டில்களை வைத்து மூடினோம். சாயங்காலம் 45 டிகிரி, விடியக்காலை 28. இரவு முழுக்கப் பெட்டி மெல்ல ஆற ஆற, ஒவ்வொரு பலகையும் தன் சென்சாரின் இருட்டுத் துடிப்புகளை அளந்து தன் அட்டவணையைத் தானே எழுதிக்கொள்ளும். இருட்டில் சென்சார் தானாகத் துடிக்கும். ஒற்றைத் துடிப்புக்கும் இரட்டைத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியே அதன் பெருக்கத்தைச் சொல்லிவிடும். வெளியிலிருந்து விளக்கோ கதிரியக்க மூலமோ வேண்டாம்.

எந்த வேகத்தில் ஆறவிடுவது, பாட்டில்களை எங்கே வைப்பது, எந்தப் பலகையைக் கழித்துக் கட்டுவது: இதெல்லாம் ஆறு மாதக் கைப்பக்குவம். பலகையைப் பிரித்துப் பார்ப்பவருக்கு இது தெரியாது. மதுரைச் சுவரொட்டியிலும் இது இல்லை, இது ஒரு விஷயம் என்றே அப்போது எங்களுக்குத் தோன்றாததால். ரகசியமாக வைத்தோம். கடைசியில் உரிமப் பத்திரத்தில் கையெழுத்தானது இந்த முறைக்குத்தான்.

காப்புரிமைப் பாதையில் போகிறவர்களுக்குச் சில விவரம். தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனங்களுக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், அந்த விண்ணப்பத்தை ஆராயச் சொல்லும் பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். 2024 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கோரிக்கையை 31 மாதத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் இதைவிடப் பல மடங்கு ஆகும், அதைப் பட்ஜெட்டில் எழுதுங்கள். இந்தியாவில் இருப்பவர் முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழித்தே வெளிநாட்டில் போடலாம், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும். மென்பொருள், வழிமுறை மட்டும் என்றால் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு தடுக்கும். வன்பொருளோடு சேர்த்து எழுதினால்தான் வாய்ப்பு. டிடெக்டர்காரர்கள் பலருக்கும் தெரியாத இன்னொன்று: 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் தன் 4-ம் பிரிவில் அணுசக்தி தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை இல்லை என்றே எழுதப்பட்டது. வெறும் கதிர்வீச்சு அளவி அதில் மாட்டாமல் போகலாம், அணு உலைக் கருவி மாட்டலாம். இந்தச் சட்டப்பகுதி மாறிக்கொண்டிருக்கிறது, விண்ணப்பம் எழுதும் முன் வழக்கறிஞரிடம் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மூன்றாவது வழி, திறந்து விடுவது. செர்ன் 1993 ஏப்ரல் 30-ல் இணையத்தின் உலகளாவிய வலை (www) தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியது. வன்பொருளுக்கென்றே திறந்த உரிமம் ஒன்றை 2011-ல் கொண்டுவந்தது. கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கான மியூவான் பெட்டி மாதிரி, விற்று லாபம் வராத ஆனால் பரவினால் பெயர் வரும் பொருளுக்கு இது ஏற்றது. எங்கள் பலகையின் சர்க்யூட்டை அப்படித்தான் விட்டோம். போனது போனதுதானே.

படி 6: உரிமப் பத்திரம் எழுதுதல்

தாமிரபரணிக் கரையில் நிலம் நீச்சு பார்த்தவர்களுக்கு உரிமம் புரிய ஐந்து நிமிடம் போதும். காப்புரிமையை ஒரேயடியாக எழுதிக் கொடுப்பது கிரயம். நிலத்தை நாமே வைத்துக்கொண்டு பயிரிட விடுவதுதான் உரிமம். வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கினால் குத்தகை. விளைச்சலில் பங்கு என்றால் வாரம், அதைத்தான் ராயல்டி என்கிறார்கள். வெள்ளாமை பொய்த்தால் வாரத்தில் நமக்கும் நட்டம், குத்தகையில் பயிரிட்டவனுக்கு மட்டும் நட்டம். அதனால்தான் நடைமுறையில் கொஞ்சம் முன்பணம், கொஞ்சம் வாரம், விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று மூன்றையும் கலந்து எழுதுவார்கள்.

பத்திரத்தில் நான்கெல்லை இல்லாமல் நிலம் உண்டா? உரிமத்தில் அந்த நான்கெல்லைக்குப் பெயர் பயன்பாட்டுத் துறை. டிடெக்டர் விஷயத்தில் பணமே இதில்தான் இருக்கிறது. ஒரே மெடிபிக்ஸ் குடும்பச் சிப்பை ஒருவர் படிக ஆய்வுக்கும், இன்னொருவர் மருத்துவப் படத்துக்கும் பயன்படுத்த முடிந்தது. ‘எல்லாத் துறைக்கும், எல்லா நாட்டுக்கும், தனி உரிமை’ என்று முதல் ஆளுக்கே எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டாவது ஆள் வாசலிலேயே நின்றிருப்பார். எங்கள் பத்திரத்தில் ‘நிலையாகப் பொருத்தும் கதிர்வீச்சு மானிகள் மட்டும், மருத்துவக் கருவிகள் நீங்கலாக’ என்று எழுதினோம்.

தரிசு போடுவதைத் தடுக்க ஒரு சரத்து வேண்டும். உங்கள் நுட்பத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்காகவே சிலர் வருவார்கள், அவர்களிடம் போட்டிப் பொருள் ஏற்கெனவே இருக்கும். 18 மாதத்தில் முன்மாதிரி, 30 மாதத்தில் முதல் விற்பனை, தவறினால் தனி உரிமை, மற்றவருக்கும் கொடுக்கக்கூடிய பொது உரிமையாக இறங்கும் என்று எழுதுங்கள். உள்குத்தகை விடலாமா, விட்டால் அதில் நம் பங்கு என்ன, அதையும் எழுதுங்கள். மேம்படுத்தினால் அந்த மேம்பாடு யாருடையது? ஆய்வுக்கும் பாடத்துக்கும் நாம் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமையைக் கண்டிப்பாக நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்த நிலத்தில் நடக்கவே அனுமதி கேட்கும் நிலை வரக் கூடாது.

வாரம் எதன் மேல் கணக்கு? இங்கேதான் நிறைய பேருக்கு அல்வா கிடைக்கிறது. ‘நிகர லாபத்தில் பங்கு’ என்றால் நிகர லாபம் எப்போதும் பூஜ்யமாகத்தான் இருக்கும். வரி, போக்குவரத்து கழித்த விற்பனை விலை மேல் கேளுங்கள். நம் பலகை ஒரு பெரிய கருவிக்குள் போகும்போது முழுக் கருவியின் விலை மேலா, பலகையின் விலை மேலா என்பதையும் உடைத்து எழுதுங்கள்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பலகை 6,000 ரூபாய், வருடம் 300 பலகை என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 18 லட்சம். மூன்று சதவீத வாரம் 54,000 ரூபாய். கல்லூரிக்கும் கண்டுபிடித்தவர்களுக்கும் பிரித்தால் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஒரு நல்ல செல்போன். உரிமம் யாரையும் பணக்காரராக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ஆனால் இதே கணக்கு, கம்பெனி தொடங்குவதா வேண்டாமா என்பதற்கும் பதில் சொல்கிறது.

படி 7: தனிக்குடித்தனம்

18 லட்சம் விற்பனையில் இரண்டு என்ஜினியருக்குச் சம்பளம் கொடுத்து, வாடகை கட்டி, பாகங்களை இறக்குமதி செய்து முடியுமா? முடியாது. ஆகவே எங்களுக்கு உரிமம் போதும், கம்பெனி வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாணவி ஒத்துக்கொள்ளவில்லை, அவள் நியாயமும் தப்பில்லை, அதற்கு வருகிறேன்.

தனி நிறுவனம் எப்போது சரி? வாங்குகிறவருக்குப் பொருளைவிடக் கூடவே வரும் ஆள் முக்கியமாக இருக்கும்போது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில், செர்னின் சிஎம்எஸ் என்ற பெரிய துகள் மோதல் சோதனைக்கான பிக்சல் வேலையிலிருந்து பிலாடஸ் என்ற எக்ஸ்ரே டிடெக்டர் வளர்ந்தது. 2006-ல் அதைச் செய்தவர்களே டெக்ட்ரிஸ் என்று தனியாக வந்தார்கள். வலுவான எக்ஸ்ரே கற்றையை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் ஆய்வகங்கள் வாங்குவது விலை உயர்ந்த, நிறுவிக் கொடுத்து வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டிய கருவி. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அதைக் கட்டியவர்கள்தான். வேறு கம்பெனிக்கு உரிமம் கொடுத்திருந்தாலும் இவர்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். பிராக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2013-ல் வந்த அட்வாகாமும், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து மியூவானால் அணுக்கழிவுக் கலத்தை ஊடுருவிப் பார்க்க வந்த லின்கியோஸும் இதே ஜாதி.

கல்லூரியோடு பேசவேண்டியது: 2019 கொள்கையின்படி வசதிகளுக்கு ஈடாக நிறுவனம் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம். கண்டுபிடித்தவரே தொடங்கும் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தால் ராயல்டி விற்பனை விலையில் 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒன்றிரண்டு சதவீதமே நல்லது என்கிறது. இந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். சில நிர்வாகங்கள் பாதிக்குப் பாதி கேட்கும், கெட்ட எண்ணத்தில் இல்லை, தெரியாமல். ஆசிரியர் வேலையை விடாமல் சில காலம் விடுப்பில் போகவும் அந்தக் கொள்கை இடம் தருகிறது.

பணம்: முன்மாதிரிக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி-பிரயாஸ்’ திட்டம் 10 லட்சம் வரை. மருத்துவப் பக்கம் என்றால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு நடத்தும் பிக் திட்டம் 50 லட்சம் வரை. 2021-ல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், கருத்தை நிரூபிக்க 20 லட்சம் வரை கொடுத்தார்கள். மாநிலத்தில், தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் விதை நிதி. அவர்களின் வட்டார மையம் திருநெல்வேலியிலேயே இருப்பதால் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் அலைய வேண்டாம். மத்தியத் தொழில் மேம்பாட்டுத் துறையின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தை முதல் மாதமே வாங்கிவிடுங்கள். அரசு டெண்டரில் வைப்புத்தொகை விலக்கும், முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளில் தளர்வும் அதை வைத்துக் கேட்கலாம். அரசுக் கொள்முதல் தளத்தின் பெயரும் ஜெம்தான். துளை போட்ட படலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் ஒருமுறை குழப்பி ஒரு அதிகாரியைச் சிரிக்க வைத்தேன். இந்தியா 2017 ஜனவரியிலிருந்து செர்னின் இணை உறுப்பு நாடு, ஆகவே அவர்களின் டெண்டர்களும் நம் கம்பெனிகளுக்குத் திறந்திருக்கின்றன. உள்ளூரில் பெயர் வாங்கிய பிறகு அங்கே போகலாம்.

மாணவியின் நியாயம் இது: “சார், பலகைய விக்கிறதுக்குக் கம்பெனி வேண்டாம். மத்தவங்க பலகையச் சீர்செஞ்சு குடுக்குறதுக்கு?” அதாவது பொருளுக்குப் பதில் சேவை. மீன் பெட்டியை நாற்பது பெட்டியாக்கினால் கூலிக்குச் செய்யலாம். கங்கைகொண்டான் பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்காகவே உரிமப் பத்திரத்தில் ‘கண்டுபிடித்தவர் தொடங்கும் நிறுவனம் இந்த முறையைச் சேவையாக வழங்கும் உரிமை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்தோம். வாங்குகிறவர் முதலில் முகம் சுளித்தார். குறைந்தபட்ச வாரத்தைக் கொஞ்சம் இறக்கியதும் ஒத்துக்கொண்டார்.

படி 8: அனுமதிகள்

சுருக்கமாக. எக்ஸ்ரே உமிழும் கருவி, கதிரியக்க மூலம் எதுவானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். விண்ணப்பம் ஈலோரா இணையதளத்தில். நோயாளியின் மேல் பயன்படுத்தும் எதுவும் மருத்துவக் கருவி விதிகள் 2017-ன் கீழ், ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. மருத்துவம் என்ற சொல் ஒன்றுக்காகவே வருடங்களும் லட்சங்களும் கூடும், அதனால்தான் நான் முதல் உரிமத்தில் அதை நீங்கலாக வைத்தேன்.

படி 9: கைமாற்றம்

கையெழுத்து போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கைப்பக்குவத்தை உரிமமாக விற்றால், விற்கும் பொருள் நம் தலைக்குள் இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் கைமாற்றம். பாகப் பட்டியல், எந்த வரிசையில் செய்வது, எங்கே கெடும், கெட்டால் எப்படித் தெரியும், ஏற்பதா கழிப்பதா என்பதற்கு எண்ணில் ஒரு கோடு. இதோடு பயிற்சி நாட்கள் எத்தனை, போனில் எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும். நாங்கள் ஆறு நாள் பயிற்சி என்று எழுதினோம், பதினொரு நாள் ஆனது.

அவர்கள் வாங்கியிருந்த விலை உயர்ந்த காப்புப் பெட்டியில் பலகைகள் விடியும்வரை ஆறவே இல்லை. 37 டிகிரியிலேயே நின்றது, அட்டவணையில் பாதி காலி. அவ்வளவு நல்ல பெட்டி! மூன்றாவது இரவு அவர்களுடைய என்ஜினியர் போன் செய்தார்.

“சார், உங்க பெட்டி சுவர் எத்தன மில்லிமீட்டர்?”

எனக்குத் தெரியாது. மாணவி டார்ச்சும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அளந்து வந்தாள். மறுநாள் பத்திரத்தின் இரண்டாம் இணைப்பில் நான்காவது வரியாக அதைச் சேர்த்து, இரு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டோம்: ‘தெர்மாகோல் பெட்டி, மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் வகை, சுவர்க் கனம் 25 மில்லிமீட்டர், மூடியுடன்.’